ஒரு சாண் சேறு

கதவு திறக்க இன்னும் இருநூற்று நாற்பது மணி நேரம் இருந்தது. உள்ளே இருந்தவளுக்கு அதற்குள் பசித்துவிட்டது.

“யாராவது இருக்கீயளா? இட்லி இருந்தா காரச் சட்னி வேணும். தேங்காய்ச் சட்னிய நீங்களே வச்சுக்கிடுங்க.”

ஒலிபெருக்கியில் வந்தது வாத்துக்குஞ்சின் குரல். நிலமங்கை மைக்குப் பொத்தானில் விரல் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

“வரும்,” என்றாள். இத்தனை வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்த முதல் வார்த்தை அது இல்லை.

‘பொன்னலை’ கப்பல் ஆஸ்திரேலியாவின் தென்கரைக்கு அப்பால், குளிர்ந்த கடலில் நின்றிருந்தது. மேல்தளத்தில் ஒரு இரும்பு உருளை. அதுதான் அழுத்த அறை. இருநூற்று ஐம்பது மீட்டர் ஆழத்தில் நெடுநாள் இருந்த ஒருவரை நேரே மேலே தூக்கிவிட முடியாது. குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்தது போல இரத்தம் நுரைத்துவிடும். ஆழத்தின் அழுத்தத்தை அறைக்குள் அப்படியே வைத்து, சிறுகச் சிறுகக் குறைத்து, பத்து நாளில் வெளியே விடவேண்டும். உள்ளே மூச்சுக்கு ஹீலியம் கலந்த காற்று. ஹீலியத்துக்குள் நீதிபதி தீர்ப்பு வாசித்தாலும் சர்க்கஸ் கோமாளி போலத்தான் கேட்கும்.

குரலைத் திருத்த ஒரு கருவி இருந்தது. நிலமங்கை அதைப் போட்டாள். வாத்துக்குஞ்சு உடனே ரயில் நிலைய அறிவிப்பாளர் ஆனது.

“ஐயோ, யாருய்யா இந்த ஆம்பள? நான் பேசினது எனக்கே திரும்பக் கேக்குது. அவர வெளியே போகச் சொல்லுங்க.”

நிலமங்கை கருவியை அணைத்தாள். சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

உள்ளே இருந்தவள் முனைவர் வ. தில்லைநாயகி. தூத்துக்குடிக்காரி. கடலடி மண்ணைப் படிப்பவள். வயது முப்பத்திரண்டு. தான் நாற்பது நாள் தூங்கி எழுந்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். தூங்கியது முப்பத்தொரு வருடம். வெளியே மைக்கோடு உட்கார்ந்திருந்தவள் அவளுடைய மகள். அவளுக்கு முப்பத்து மூன்று.

இந்த உறவு கப்பலில் வேறு யாருக்கும் தெரியாது. நெருங்கிய உறவினர் அழுத்த அறையின் வால்வைத் தொடக்கூடாது என்பது விதி, கை நடுங்கும். தாய் பெயருக்கு முன்னால் தாத்தாவின் எழுத்து, மகள் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து. வ. தில்லைநாயகிக்கும் ஞா. நிலமங்கைக்கும் முடிச்சுப் போட வேலைக்கு ஆள் எடுத்தவர்களுக்குத் தோன்றவில்லை. நிலமங்கையும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே நன்றாக வரும்.

டாக்டர் சுலைகா முதல் நாளே எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லியிருந்தார். “அந்த இதயம் இப்பதான் வேலைக்குத் திரும்பியிருக்கு. அதிர்ச்சி தாங்குமான்னு எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. கதவு திறக்கிற வரைக்கும் நாற்பது நாள்னே இருக்கட்டும். ஜன்னலை மூடி வைங்க. வருஷத்தைப் பத்தி மூச்சு விடாதீங்க.”

ஆக, சொன்னால் அம்மா செத்துப்போகலாம். சொல்லாவிட்டால், வெளியே வந்ததும் அம்மா முதலில் பார்க்கப்போவது பத்து நாள் பொய் சொன்ன மகளை. நிலமங்கை இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு இட்லியை அனுப்பினாள்.

சாப்பாடு போவதற்கு அறையின் பக்கவாட்டில் இரண்டு கதவு வைத்த சிறிய பெட்டி உண்டு. கப்பலில் அதற்கு டிபன் வழி என்று பெயர். ஒரு கதவு மூடினால்தான் மறு கதவு திறக்கும்.

“உப்பே இல்ல, உறைப்பே இல்ல,” என்றது உள்ளிருந்து.

“அழுத்தத்துல நாக்கு மரத்துப்போகும்.”

“அப்ப ஊறுகாய் அனுப்பு. ஆமா, உன் பேர் என்ன?”

நிலமங்கையின் விரல் பொத்தானிலேயே உறைந்தது. அந்தப் பெயரை வைத்ததே உள்ளே இருப்பவள்தான்.

“சரி, சொல்ல வேண்டாம். பேர் கேட்டாலே வெக்கப்படுத ஆளு போல. நான் கீழ்வீடு, நீ மாடிவீடு. மாடிவீட்டுக்காரின்னு கூப்பிடுதேன். சம்மதமா?”

“சம்மதம்.”

அப்படித்தான் தொடங்கியது. இரண்டாம் நாள் மாடிவீட்டுக்காரி தானாகவே ஒரு பேச்சைத் தொடங்கினாள். மூன்றாம் நாள் இரண்டு பேரும் எதற்கென்றே தெரியாமல் கால் மணி நேரம் சிரித்தார்கள். தில்லைநாயகி விசில் அடிக்கப் பார்த்தாள். அவ்வளவு அழுத்தத்தில் விசில் வராது. வெறும் காற்றுதான் போகும். அவள் உதட்டைக் குவித்து, கன்னம் உப்ப, கண் பிதுங்க ஊதுவது காமிராவில் தெரிந்தது. நிலமங்கை மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். அந்த வழியாகப் போன பர்னாந்து அண்ணன், கப்பலின் தளத் தலைவர், நின்று பார்த்தார்.

“என்ன தங்கச்சி, உடம்புக்கு முடியலையா?”

“இல்லண்ணே. சிரிக்கிறேன்.”

“நீயா?” என்று கேட்டுவிட்டு அவர் வானத்தைப் பார்த்தபடி போனார்.

பர்னாந்து அண்ணனிடம் அவளுக்கு ஒரு சலுகை இருந்தது. கடலிலிருந்து எது மேலே வந்தாலும், அதைத் திறந்தவர்தான் கப்பலின் ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும் என்பது பொன்னலை வழக்கம். மண் வந்தால் “மண் வந்தாச்சு” என்று ஒரு குரல். சமையல்காரர் உட்பட அத்தனை பேரும் கரண்டியும் கையுமாக ஓடிவருவார்கள். இரண்டு வருடமாக நிலமங்கை திறந்ததையெல்லாம் அறிவித்தவர் பர்னாந்து அண்ணன்தான். அவள் மைக்கை நீட்டுவாள். அவர் வாங்கிக்கொள்வார். அது பேசாமலே நடக்கும் ஏற்பாடு.

நான்காம் நாள் தில்லைநாயகி கேட்டாள். “மாடிவீட்டுக்காரி, நீ என்ன படிச்ச?”

“இயற்பியல்.”

“அடப் பாவமே. மண்ணைப் படிச்சதே இல்லையா?”

“இல்ல.” அது தற்செயலும் இல்லை. அம்மாவைக் கொண்டுபோனது மண். அந்தப் படிப்பின் பக்கமே அவள் போகவில்லை.

“அப்ப கேளு. நான் தூங்கின கடலடிச் சரிவு இருக்கே, அது கேப்பைப் புட்டு. குழல்ல மாவு ஒரு அடுக்கு, தேங்காய் ஒரு அடுக்கு, மறுபடி மாவு, மறுபடி தேங்காய். நாங்க துளை போட்டுக் குழாயில எடுக்கது அச்சு அசல் அதான். உலகம் குளிர்ந்தா கடல் இறங்கும். அப்ப இந்தச் சரிவுல பாசிப்பூச்சி கூட்டம் கூட்டமா வீடு கட்டும். சுண்ணாம்பு வீடு. அது வெள்ளை, தேங்காய். உலகம் சூடானா கடல் ஏறும். மேல இருந்து சேறு வந்து மூடிரும். அது கேப்பை மாவு. மறுபடி குளிரும், மறுபடி கட்டும். லட்சக்கணக்கான வருஷமா இதே சமையல்.”

பாசிப்பூச்சி என்பது கப்பல் வழக்கு. அது பாசியும் இல்லை, பூச்சியும் இல்லை. குண்டூசித் தலையைவிடச் சிறிய கடல் பிராணி. தனியாக இருக்கத் தெரியாமல் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வாழ்வது.

“சேறு மூடினா செத்துருமே?”

“அப்படித்தான் எல்லாரும் நினைச்சாவ. நான் ஒரு நாள் நாற்பதாயிரம் வருஷத்துத் தேங்காயில ஒரு துண்டை எடுத்து, குளிர்ந்த கடல் தண்ணியில போட்டு வச்சேன். ஒன்பதாம் நாள் பாக்கேன், ஒண்ணு எழுந்து கைய நீட்டுது. கொட்டாவி விட்டா மாதிரி. நான் சோதனைக்கூடத்துல ஆடினேன் பிள்ள. நிஜமாவே ஆடினேன். கண்ணாடிக் குடுவை ரெண்டு உடைஞ்சது.”

அவை சாகவில்லை, ஒரு சாறு சுரந்து தூங்கியிருந்தன. அந்தச் சாறு மனிதரையும் தூங்கவைக்குமா என்பது அடுத்த கேள்வி. மருந்து இல்லாத நோயாளி மருந்து வரும்வரை தூங்கலாம். தில்லைநாயகியின் தம்பி அப்படி ஒரு நோயாளியாக இருந்து, மருந்து வருவதற்கு எட்டு மாதம் முன்னால் போய்ச் சேர்ந்தவன். சாறு அந்த ஆழத்தில், அந்தக் குளிரில்தான் வேலை செய்தது. ஆகவே சரிவிலேயே ஒரு கூண்டு இறக்கி, நாற்பது நாள் என்று சொல்லி, அவளே படுத்தாள்.

தூங்கவைக்கத் தெரிந்தது. எழுப்பத் தெரியவில்லை. அது கண்டுபிடிக்கப்பட்டது போன வருடம்.

இடையில் நடந்ததை நிலமங்கை அறிவாள். ஏழு வருடம் கழித்துச் சட்டப்படி அம்மா இறந்தாள். கூடத்தில் படம் ஏறியது, மாலை விழுந்தது. வருடா வருடம் திவசம் நடந்தது. சாகவில்லை என்று தனக்கே தெரிந்த ஒருத்திக்காகக் காக்கையைக் கூப்பிட்டுச் சோறு வைத்தாள் நிலமங்கை. காக்கையும் சங்கடப்படாமல் சாப்பிட்டது. அவளுக்கு ஒன்பது வயதானபோது அப்பா மறுமணம் செய்துகொண்டார். சித்தி நல்லவள். அதனால்தான் யாரையும் முழுதாகக் கோபித்துக்கொள்ள முடியாமல் போயிற்று.

இப்போது அப்பாவும் சித்தியும் துறைமுக ஊரில் விடுதி எடுத்துக் காத்திருந்தார்கள். போன் வந்தது.

“முடிக்கு மை அடிக்கட்டுமா?” என்று அப்பா கேட்டார். “அவளுக்கு அடையாளம் தெரியணுமே.”

“அப்பா, உங்களுக்கு முடியே கொஞ்சம்தான் இருக்கு.”

“இருக்கிறதுக்குச் சொல்றேன்.”

பின்னாலிருந்து சித்தி போனைப் பிடுங்கினாள். “மங்கை, அவங்களுக்கு ரவிக்கை அளவு என்ன? ரெடிமேடா வாங்கிருவேன். இன்னொண்ணு. படத்தைக் கழட்டிட்டோம். செவுத்துல வெள்ளையா ஒரு கட்டம் தெரியுது. காலண்டர் மாட்டிட்டேன். தப்பில்லையே?”

“தப்பில்ல சித்தி.”

ஐந்தாம் நாள் காலை தில்லைநாயகி குழாயைக் கேட்டாள்.

அதுவும் ஒரு வழக்கம், மண் படிப்பவர்களுடையது. சரிவில் தங்கப்போகிறவர், கூண்டுக்கு வெளியே ஒரு கண்ணாடிக் குழாயைப் புனல் மாட்டி நிறுத்திவிட்டுப் போவார். மேலே வந்ததும் முதல் காரியம் அதைப் பார்ப்பது.

“என் தலையில எவ்வளவு விழுந்திருக்குன்னு பாக்கணும். நாற்பது நாளுக்கு நகத்து தடிமன் இருக்கும். அனுப்பு.”

குழாய் கூண்டோடு மேலே வந்திருந்தது. நிலமங்கை அதை மேஜைக்கு அடியில் துண்டால் சுற்றி வைத்திருந்தாள். அதில் ஒரு சாண் சேறு இருந்தது.

அவள் தெரிந்ததைச் செய்தாள். கூண்டின் கூரையிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணைச் சுரண்டி, புதுக் குழாயில் கடல் தண்ணீரோடு போட்டுக் கலக்கி, மாலை வரை அசையாமல் நிறுத்தினாள். தெளிந்தது. அடியில் நகத்தின் தடிமனுக்கு மண். அளவு சரியாக இருந்தது. தன் கைத்திறனில் அவளுக்கே கொஞ்சம் பெருமை வந்தது. டிபன் வழியில் அனுப்பினாள்.

தில்லைநாயகி குழாயை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். லென்ஸ் வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு வாத்துக்குஞ்சு சிரித்தது.

“நல்லாருக்கு பிள்ள. ரொம்ப அழகா விழுந்திருக்கு.”

நிலமங்கைக்கு மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு ஒன்று மாறியது. அதுவரை அம்மா நாளுக்கு நாலு தடவையாவது “எம் பொண்ணு இந்நேரம் பால் குடிச்சிருப்பா”, “எம் பொண்ணுக்குச் செருப்புன்னா உயிரு, ரெண்டு வயசுல ஆறு செருப்பு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குழாய் வந்த மாலையிலிருந்து அந்தப் பேச்சு நின்றது. விசில் முயற்சி மட்டும் தொடர்ந்தது. ஊறுகாய் பாட்டில் இரண்டு காலியாயிற்று. மாடிவீடும் கீழ்வீடும் காரணமில்லாமல் சிரிப்பது கூடியது. கப்பலே அந்தப் பக்கம் வந்து நின்று கேட்டுவிட்டுப் போனது.

கடைசி நாள் நண்பகலில் ஹீலியத்தை வெளியேற்றி, சாதாரணக் காற்றை உள்ளே விட்டார்கள். நான்கு மணிக்குக் கதவு. டாக்டர் சுலைகா சாப்பிடப் போயிருந்தார்.

“மாடிவீட்டுக்காரி.”

நிலமங்கை நிமிர்ந்தாள். அது வாத்து இல்லை. கொஞ்சம் கரகரப்பான, தாழ்ந்த குரல். அதை அவள் ஒரு காலத்தில் தினமும் கேட்டிருக்க வேண்டும். நினைவு இல்லை.

“எங்குரல் வந்துட்டா? நல்லது. இத வாத்தா இருக்கும்போது பேச வேண்டாம்னு பாத்தேன். நீ அனுப்பின குழாய் புட்டு இல்ல பிள்ள. கஞ்சி.”

“என்ன?”

“கடல்ல மண்ணு நாளுக்குக் கொஞ்சமா, மணலும் களியும் கலந்து கலந்து விழும். ஒரே ஊத்தா ஊத்தினா கனமான மணல் முதல்ல அடிக்குப் போயிரும், களி நிதானமா மேல வந்து உக்காரும். உன் குழாயில அடியில மணல், மேல களி. அது ஒரு சாயங்காலத்துல விழுந்த மண்ணு. கலக்கி வச்சிருக்க. இயற்பியல் படிச்சவளுக்கு இது தெரிஞ்சிருக்கணும்.”

தெரியும். முதல் வருடப் பாடம். நிலமங்கை நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“அப்பவே தெரிஞ்சிருச்சா?”

“கையில வாங்கினப்பவே. சிரிப்பு வந்துட்டு. அப்புறம்தான் யோசிச்சேன். பொய்க் குழாய் எதுக்கு? நிஜக் குழாய் காட்ட முடியாத உயரம். எவ்வளவு உயரம்? அஞ்சு நாளா மனசுக்குள்ள ஊத்திப் பாத்துட்டு இருக்கேன். ஒரு வருஷமா, பத்தா, நூறா? நூறுன்னா என்னத் தெரிஞ்சவுக ஒருத்தர் கிடையாது. நான் கோமாளி மாதிரி விசில் அடிச்சுட்டு இருக்கேன், உள்ளுக்குள்ள நூறு நூறா ஓடுது. தெரியாததுதான் பிள்ள இதயத்துக்குக் கேடு. நிஜக் குழாயக் குடு.”

நிலமங்கை திரையைப் பார்த்தாள். இதயத் துடிப்பு எழுபத்தெட்டு. உறவினர் பற்றிய விதியைப் பார்த்தாள், அது சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. மேஜைக்கு அடியில் குனிந்து துண்டை அவிழ்த்தாள்.

டிபன் வழியின் முதல் கதவு மூடியது. இரண்டாவது திறந்தது.

தில்லைநாயகி குழாயைக் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினாள். ஒரு சாண் சேறு முழுவதும் கோடு கோடாக இருந்தது. குளிர்காலப் புயல் சரிவுக்கு மேலே உள்ள திட்டிலிருந்து அடித்துவந்த வெள்ளைத் துகள் ஒரு கோடு, கோடையின் மங்கிய களி ஒரு கோடு. வருடத்துக்கு ஒரு வெள்ளை. அவள் நகத்தால் அடியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாள். துடிப்பு தொண்ணூறானது. நூற்றுப் பத்து. நூற்று இருபத்தாறு. எச்சரிக்கை மணி அடித்தது. நிலமங்கை இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

“முப்பத்தொண்ணு,” என்றாள் தில்லைநாயகி.

சுவரில் சாய்ந்தாள். கண்ணை மூடினாள். நூற்று இருபத்தாறு அப்படியே நின்றது. பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தாள் நிலமங்கை. அழுதுகொண்டும் இருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

“நூறு இல்ல. பிள்ள, நூறு இல்ல. எனக்கு அறுபத்து மூணு வயசு. ஒரு நரை கிடையாது, பாரு.”

நூற்றுப் பத்து. தொண்ணூற்றாறு. டாக்டர் சுலைகா சாதக் கையோடு ஓடிவந்தார்.

“மணி அடிச்சுது. என்ன சொன்ன அவங்ககிட்ட?”

“ஒண்ணும் சொல்லல டாக்டர். மண்ணு குடுத்தேன்.”

டாக்டர் திரையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், நிலமங்கையைப் பார்த்தார். திரையில் எண்பத்து நான்கு. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “தப்பிச்சோம்,” என்றார். “உன்கிட்ட அப்புறம் பேசுறேன்.”

“எங்க வீட்டுக்காரவுக இருக்காகளா?” உள்ளிருந்து கேட்டது.

“இருக்காங்க.”

“தனியாவா?”

நிலமங்கை டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கையை விரித்தார்.

“இல்ல. இருபத்து நாலு வருஷமா துணை இருக்காங்க.”

எண்பத்தொன்பது. எண்பத்தாறு.

“நல்லவளா?”

“நல்லவங்க. உங்க ரவிக்கை அளவு கேட்டு ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க.”

தில்லைநாயகி கண்ணைத் துடைத்தாள். “அளவு மாறலன்னு சொல்லு. முப்பத்தொரு வருஷமா ஒரு இட்லி கூடுதலாத் திங்கல.” மறுபடி சிரித்தாள். பிறகு குரல் தாழ்ந்தது. “எம் பொண்ணு?”

“இருக்கா.”

“எப்படிப்பட்டவ?”

“கூச்சம் ஜாஸ்தி. மைக்கைக் கண்டா ஓடிருவா.”

“கோவக்காரியா?”

“இருந்தா. பள்ளிக்கூடத்துல மண்ணைப் பத்திக் கட்டுரை எழுதச் சொன்னா வெள்ளைத்தாளக் குடுத்துட்டு வந்துருவா. மூணு வருஷம் ஒரே மிஸ். மூணு வருஷமும் வெள்ளைத்தாள்.”

“இப்ப?”

“இப்ப சிரிச்சுக்கிட்டே இருக்கா.” நிலமங்கை நிறுத்தினாள். “பத்து நாளா.”

காமிராவில் தில்லைநாயகி மூடிய ஜன்னலையே பார்த்தபடி நின்றாள், அதற்கு வெளியே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தவள் போல.

“பத்து நாளா,” என்றாள் மெதுவாக. “சரி. நான் கேக்கல. அவளே சொல்லட்டும்.”

உதட்டைக் குவித்தாள். இந்த முறை விசில் வந்தது, சுத்தமாக, இரும்புச் சுவரைத் தாண்டி.

நான்கு மணிக்குக் கப்பல் முழுவதும் தளத்தில் இருந்தது. சமையல்காரர் கரண்டியோடு நின்றார். நிலமங்கை கடைசி வால்வைத் திருகினாள். கை நடுங்கத்தான் செய்தது. காற்று சீறி அடங்கியது. பூட்டு விடுபட்டது. வழக்கம்போல் பர்னாந்து அண்ணன் பக்கத்தில் வந்து மைக்குக்குக் கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை.

“தங்கச்சி?”

பொத்தானை அழுத்தினாள். கப்பலின் அத்தனை ஒலிபெருக்கியிலும் அவள் மூச்சு கேட்டது.

“கதவு திறந்தாச்சு,” என்றாள் நிலமங்கை. “வர்றது முனைவர் வ. தில்லைநாயகி. எங்க அம்மா.”